ஈர்ப்பு கேட்கும் வாடகை

-50.0500.

சட்டைப்பையில் அடங்கும் ஒரு கால்குலேட்டரின் திரையில் இந்த எண் சிவப்பாக எரிகிறது. கணக்குப் பார்ப்பவருக்கு ஏதோ கழித்தலின் விடை. நிலவில் இறங்கிக்கொண்டிருப்பவருக்கோ இதில்தான் உயிர் தொங்குகிறது. புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது வேகம்: விநாடிக்கு 50 அடி. கழித்தல் குறி, கீழ்நோக்கிப் போகிறோம் என்பதற்கு. வலப்பக்கம் இருப்பது உயரம்: தரைக்கு இன்னும் 500 அடி. படம் கிடையாது, ஓசை கிடையாது. நிலவு, கலம், பள்ளம், பாறை எல்லாவற்றையும் ஆடுபவர் தன் தலைக்குள் வரைந்துகொள்ள வேண்டியதுதான்.

1975இல் ஹெவ்லெட்-பேக்கர்டு நிறுவனம் 195 டாலருக்கு விற்ற ஹெச்பி-25 பொறியாளர்களுக்கான கருவி. 49 படிகள் கொண்ட நிரல் ஒன்றை அதில் பதித்து ஓட்டலாம். ஒரு படி என்பது ஒரு கூட்டலோ, ஒரு பெருக்கலோ, ஓர் எண்ணின் ஒற்றை இலக்கமோதான். அதற்கு மேல் இடமில்லை. அதற்கான நிரல் தொகுப்பு நூலில் கணிதமும் நிதிக் கணக்கும் நிறைந்த பக்கங்களோடு நிலவில் ராக்கெட்டை இறக்கும் ஆட்டமும் சேர்ந்திருந்தது. கால்குலேட்டரை அணைத்தால் நிரல் அழிந்துபோகும். மறுநாள் ஆட ஆசைப்பட்டால் அத்தனை படிகளையும் மறுபடி தட்ட வேண்டும். நிலவைத் தினமும் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும் அந்தப் பொறுமை பலருக்கு இருந்தது.

அடுத்த ஆண்டு வந்த ஹெச்பி-67இல் இன்னும் கொஞ்சம் நாடகம் சேர்ந்தது. திரையில் 3, 2, 1, 0 என்று எண்ணிக்கை இறங்கும். சுழியம் தெரியும் அந்த ஒரு விநாடிக்குள் எவ்வளவு எரிபொருளை எரிப்பது என்று தட்டிவிட வேண்டும். தட்டவில்லையா, எரிபொருள் செலவாகாது. கலம் விழுந்துகொண்டே இருக்கும்.

ஆட்டத்தின் விதிகள் ஒரு பள்ளி மாணவர் மனக்கணக்காகப் போடக்கூடியவை. நிலவின் ஈர்ப்பு ஒவ்வொரு விநாடியும் கலத்தின் வேகத்தில் 5 அடியைக் கூட்டும். உண்மையான மதிப்பு 5.3 அடி, ஆட்டத்துக்காக அதை முழு எண்ணாக்கியிருக்கிறார்கள். ஓர் அலகு எரிபொருள் விநாடிக்கு ஓரடி வேகத்தைக் குறைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் தொட்டியில் இருப்பது 120 அலகு. ஆக, 5 அலகு எரித்தால் ஈர்ப்பும் உந்துவிசையும் ஒன்றையொன்று தின்றுவிடும்; வேகம் அப்படியே இருக்கும். 6 எரித்தால் ஓரடி குறையும். தரையைத் தொடும்போது உயரமும் வேகமும் ஒன்றாகச் சுழியத்துக்கு வர வேண்டும். விதிகள் இவ்வளவுதான்.

முதன்முறை ஆடுபவர் எல்லாரும் ஒன்றையே செய்வார்கள்: முதல் விநாடியிலேயே பிரேக் போடத் தொடங்குவார்கள். 500 அடியில் 50 அடி வேகத்தைச் சீராகக் குறைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் விநாடிக்கு இரண்டரை அடி குறைக்க வேண்டும். ஈர்ப்புக்கு 5, வேகத்துக்கு 2.5, ஆக விநாடிக்கு 7.5 அலகு. ஒரு விநாடி 7, மறு விநாடி 8 என்று மாற்றி மாற்றி எரிக்கலாம். அழகாகவே இறங்கும். பதினாறாவது விநாடியில், தரைக்கு மேல் ஏறத்தாழ 20 அடியில், வேகம் வெறும் 10 அடியாகக் குறைந்திருக்கும்போது, தொட்டி வறண்டுவிடும். அந்தக் கடைசி 20 அடியை வெறுமனே விழுந்து கடந்து, விநாடிக்குச் சுமார் 17 அடி வேகத்தில் கலம் தரையில் மோதும். இத்தனை நிதானமாக ஓட்டியவர் ஏன் சாக வேண்டும் என்று அவருக்குப் புரியாது.

விடை அந்த 5 அலகில் இருக்கிறது. தரையைத் தொடாமல் நிலவின் மேல் அந்தரத்தில் இருப்பதற்கு ஈர்ப்பு விநாடிதோறும் 5 அலகு வாடகை கேட்கிறது. வேகமாக விழுந்தாலும் மெல்ல இறங்கினாலும் ஒரே வாடகை. எரிக்காமல் விழுந்தால் அப்போதைக்குக் கட்ட வேண்டாம். அந்தப் பாக்கி கலத்தின் வேகமாகச் சேர்ந்து கடைசியில் நிற்கும். ஆகவே மென்மையாக இறங்க ஆகும் மொத்தச் செலவு மிக எளிய கணக்கு: தொடக்க வேகத்தை ஒழிக்க 50 அலகு, அதனுடன் வானில் கழித்த ஒவ்வொரு விநாடிக்கும் 5. சீராகப் பிரேக் போட்டவர் இறங்க 20 விநாடி வேண்டும். 50உடன் 100 சேர்ந்து 150. கையிலிருந்ததோ 120. முதல் விநாடியிலேயே அவர் தோற்றுவிட்டார்; அது தெரியத்தான் பதினாறு விநாடி ஆனது.

இந்தக் கணக்கின்படி 14 விநாடிக்குள் இறங்குபவரே பிழைப்பார். அதைவிட மிச்சம் பிடிக்க வேண்டுமா? இன்னும் சீக்கிரம் இறங்க வேண்டும். அதாவது முதலில் பிரேக்கைத் தொடவே கூடாது. விழ விட வேண்டும். வேகம் கூடட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் மொத்தமாக எரிக்க வேண்டும். 1964இல், அப்பல்லோ இறங்குவதற்கு ஐந்து ஆண்டு முன்னரே, ஜே. எஸ். மெடிட்ச் என்பவர் இதைக் கணிதமாக நிறுவினார்: செங்குத்தாக நிலவில் இறங்கும் கலத்துக்கு மிகச் சிக்கனமான வழி, முதலில் இயந்திரத்தை அணைத்து விழுவது, பிறகு முழு விசையில் எரிப்பது. இடையில் ஒரே ஒரு மாற்றம்தான். பாதி விசை, கால் விசை என்ற நாசூக்கெல்லாம் எரிபொருள் விரயம்.

நம் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். ஆறு விநாடி எதுவும் எரிக்காமல் விழுங்கள். வேகம் 55, 60, 65, 70, 75, 80 என்று ஏறும். உயரம் 500இலிருந்து 110 அடிக்கு வந்துவிடும். விநாடிக்கு 80 அடி வேகத்தில் 110 அடி உயரம் என்றால் ஒன்றரை விநாடிகூட இல்லை. இப்போது 15 அலகு. வேகம் 70, உயரம் 35. அடுத்த விநாடியில் 75 அலகு. வேகம் சுழியம், உயரம் சுழியம். எட்டே விநாடியில் இறங்கியாயிற்று. செலவு 90 அலகு, மிச்சம் 30. உள்ளே இருப்பவர் உடலில் அந்தக் கடைசி விநாடியில் விழும் பாரம் புவியீர்ப்பைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு, தாங்கிக்கொள்ளலாம்.

ஏழாவது விநாடியிலும் எரிக்காமல் விட்டால்? உயரம் இருபத்தேழரை அடி, வேகம் 85. அந்த நிலையில் கைவசம் உள்ள 120 அலகையும் ஒரே விநாடியில் கொட்டினாலும் கலத்தை நிறுத்த முப்பத்தொரு அடிக்கு மேல் வேண்டும். கதை முடிந்தது. சிக்கனத்தின் உச்சத்துக்கும் சாவுக்கும் நடுவே இருப்பது ஒரே விநாடி. 49 படிகளுக்குள் இப்படி ஒரு வதையை அடக்கியவரை மெச்சத்தான் வேண்டும்.

இதில் ஓர் ஓட்டையும் உண்டு. இத்தகைய ஆட்டங்கள் விநாடிக்கு விநாடி தாவுகின்றன. ஒவ்வொரு தாவலின் முடிவிலும் உயரம் என்ன என்று பார்க்கின்றன. நடுவில் நடப்பதைப் பார்ப்பதில்லை. 20 அடி உயரத்தில் 60 அடி வேகத்தோடு விழும் கலத்தில் 90 அலகு எரிப்பதாக வைத்துக்கொள்வோம். விநாடி முடியும்போது அது தரைக்கு மேல் இரண்டரை அடியில், மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். எல்லாம் நலம் என்று காட்டும் ஆட்டம். ஆனால் அந்த விநாடியின் நடுவில் கலம் 21 அடிக்கு மேல் இறங்கித்தான் திரும்பியிருக்கிறது. அதாவது நிலவின் தரைக்குள் ஓரடிக்கு மேல் புதைந்து, ஒன்றும் நடவாததுபோல் வெளியே வந்திருக்கிறது.

இந்த ஓட்டையை முதலில் கண்டுகொண்டு அடைக்க முயன்றவர் ஒரு பள்ளி மாணவர். ஜிம் ஸ்டோரர், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் லெக்சிங்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் நடந்தார்கள். அந்த இலையுதிர் காலத்திலேயே, பிடிபி-8 கணினியில் ஃபோகல் என்ற நிரல்மொழியில், ஸ்டோரர் நிலவில் இறங்கும் ஆட்டத்தை எழுதிவிட்டார். இன்று கைப்பேசியிலும் கையடக்கக் கருவியிலும் காணும் இறங்குகல ஆட்டங்களுக்கெல்லாம் மூலம் அதுதான்.

அதிலும் படம் கிடையாது. தட்டச்சுப்பொறி போன்ற டெலிடைப் கருவி ஒவ்வொரு பத்து விநாடிக்கும் ஒரு வரியைத் தாளில் அடித்துத் தரும்: நேரம், உயரம், வேகம், மிச்சமுள்ள எரிபொருள். அடுத்த பத்து விநாடிக்கு விநாடிக்கு எத்தனை பவுண்டு எரிக்கலாம் என்று கேட்கும். எரிக்காமலும் இருக்கலாம், எரித்தால் 8 முதல் 200 பவுண்டு வரை. தொடக்கத்தில் உயரம் 120 மைல், வேகம் விநாடிக்கு ஒரு மைல், எரிபொருள் 16,000 பவுண்டு. முழு விசையில் எரித்தால் 80 விநாடியில் தொட்டி காலி. மோதிச் செத்தால், நிலவில் எத்தனை அடி ஆழத்துக்குப் புதுப் பள்ளம் தோண்டினீர்கள் என்றும் அச்சடித்துத் தரும். பள்ளிப் பையனின் குசும்பு.

இயற்பியலில் ஸ்டோரர் கால்குலேட்டர்க்காரர்களைவிடக் கறார். எரிபொருள் தீரத் தீரக் கலத்தின் எடை குறையும். எடை குறைந்தால் அதே உந்துவிசை வேகத்தை இன்னும் வலுவாகக் குறைக்கும். ரஷ்யரான சியோல்கோவ்ஸ்கியின் ராக்கெட் சமன்பாடு சொல்வது இதுதான். ஹெச்பி நிரலில் இதற்கு இடமில்லை. ஸ்டோரரோ அதற்கான மடக்கையை ஐந்து உறுப்புள்ள தொடராக விரித்து நிரலில் சேர்த்திருந்தார். அதற்கும் மேலே, கலம் இறங்கி மறுபடி ஏறும் அந்தச் சில விநாடிகளில் அது எட்டும் மிகத் தாழ்ந்த புள்ளி எப்போது வரும் என்பதையும் ஓர் இருபடிச் சமன்பாட்டால் கணித்து, அங்கே தரை தட்டுகிறதா என்று சோதித்தார்.

அந்த நிரலை டேவிட் ஆல் என்பவர் பேசிக் மொழிக்கு மாற்றினார். 1973இல் அவர் தொகுத்த கணினி விளையாட்டு நூலில் அது அச்சாயிற்று. ஆயிரக்கணக்கானோர் அதைப் பார்த்துத் தட்டெழுதினார்கள். வேறு மொழிகளுக்கு மாற்றினார்கள். 2024இல் மென்பொருள் பொறியாளர் ஒருவர் அந்த ஆட்டத்தில் மிகக் குறைந்த எரிபொருளில் இறங்குவது எப்படி என்று ஆராயப் புகுந்தார். கோட்பாடு சொன்ன விடையும் நிரல் காட்டிய விடையும் ஒத்துவரவில்லை. துருவியதில், அந்தத் தாழ்புள்ளிச் சமன்பாட்டின் வர்க்கமூலத்துக்குள் 2ஆல் வகுக்க வேண்டிய ஓரிடம் விடுபட்டிருந்தது தெரிந்தது. கிட்டத்தட்ட 55 ஆண்டுகளாக நகலுக்கு நகல் அந்தப் பிழை கூடவே வந்திருக்கிறது. மெடிட்ச் சொன்ன அந்த இறுதிநொடி எரிப்பை எல்லை வரை கொண்டுபோனவருக்கே அது அகப்படும். மற்றவர்கள் அதற்கு முன்பே பள்ளம் தோண்டியிருப்பார்கள்.

படம் வந்தது 1973இல். டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் தன் ஜிடி40 வரைகலை முனையத்தின் திறனைக் காட்ட ஜாக் பர்னஸ் என்பவரிடம் ஓர் ஆட்டம் கேட்டது. கோடுகளால் ஆன மலைகள், சரிவுகள், ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு ஓட்டும் கலம். நிலவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இறங்கினால் அங்கே மெக்டொனால்ட்ஸ் கடை இருக்கும்; விண்வெளி வீரர் இறங்கிப் போய் பர்கர் வாங்குவார். கடை மேலேயே மோதினால், நிலவிலிருந்த ஒரே மெக்டொனால்ட்ஸையும் அழித்துவிட்டீர்கள் என்று திட்டு விழும்.

1979இல் அடாரி நிறுவனம் ஹோவர்ட் டெல்மன், ரிச் மூர் இருவரின் வடிவமைப்பில் இதைக் காசு போட்டு ஆடும் பெட்டியாக்கியது. உந்துவிசைக்கு இரண்டு கையாலும் பிடித்து இழுக்கும்படி பெரிய நெம்புகோல். இழுக்க இழுக்க விசை கூடும். தரையை நெருங்கும்போது காட்சி தானாகப் பெரிதாகும். குறுகலான சமதரையில் இறங்கினால் மதிப்பெண் பல மடங்கு, ஐந்து மடங்கு வரை. எனக்குப் பிடித்தது அதன் வணிக மூளை. அந்த ஆட்டத்தில் உயிர்கள் எண்ணிக்கை கிடையாது, எரிபொருள் மட்டுமே. எரிபொருள் தீர்ந்தால் ஆட்டம் முடியும். இன்னொரு காசு போட்டால் தொட்டி நிரம்பும். ஈர்ப்பின் வாடகையை அடாரி வசூலித்துக்கொண்டது! ஆனாலும் பெட்டி நெடுநாள் நிலைக்கவில்லை. ஏறத்தாழ 4,800 பெட்டிகளோடு உற்பத்தியை நிறுத்திவிட்டு, அதே கோட்டுத் திரையில் ஆஸ்டெராய்ட்ஸ் என்ற சுடும் ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். அதன் முதல் சில பெட்டிகள் நிலவு ஆட்டத்தின் கூட்டிலேயே அனுப்பப்பட்டன. சுட ஒன்றும் இல்லாத, கணக்கு மட்டுமே எதிரியாக உள்ள ஆட்டத்துக்குக் காசு போடுகிறவர் குறைவாகத்தான் இருப்பார்கள். இதற்கு ஏற்ற இடம் விளையாட்டுக் கூடமல்ல, கையடக்கக் கருவிதான் என்பது என் கட்சி. தனியாக, அவமானப்படாமல், நூறு முறை சாகலாம்.

உண்மையில் இறங்கியவர்கள் இந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள்? அப்பல்லோ 11இன் ஈகிள் கலம் மெடிட்சின் வழியை அப்படியே பின்பற்றவில்லை. அது செங்குத்தாக விழவில்லை. சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 1.7 கிலோமீட்டர் அளவில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆயிற்று. அதன் இறங்கு இயந்திரத்துக்கும் ஒரு குணம் உண்டு: சுமார் 10 முதல் 60 சதவீதம் வரை விசையை விரும்பியபடி மாற்றலாம், அல்லது ஏறக்குறைய முழு விசையில் ஓட்டலாம், இடைப்பட்ட பகுதியில் ஓட்டினால் புனல் அரித்துப்போகும். ஆகவே ஏறத்தாழ முதல் பாதி நேரம் முழு விசையில், பிறகு கடைசிக் கட்டம் வரை மிதமான விசையில்.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வாடகை ஏறியது. கணினி கலத்தைப் பாறைகள் சூழ்ந்த ஒரு பெரும்பள்ளத்தின் பக்கம் கொண்டுபோனது. ஆம்ஸ்ட்ராங் பொறுப்பைக் கையில் எடுத்து, கிட்டத்தட்ட அந்தரத்திலேயே கலத்தைப் பக்கவாட்டில் நகர்த்திச் சமதரை தேடினார். அவர் கையில் இருந்தது ஒரு சிறு விசை. ஒருமுறை தட்டினால் இறங்கும் வேகம் விநாடிக்கு ஓரடி மாறும். கால்குலேட்டரில் 5க்குப் பதில் 6 தட்டுவதற்கு இணையான வேலை. மிதப்பதற்கு மட்டும் விநாடிக்கு ஏறத்தாழ 4 கிலோ எரிபொருள் செலவாகிக்கொண்டிருந்தது. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து சார்லி டியூக் முதலில் 60 விநாடி என்றார். பிறகு 30 விநாடி என்றார். கலம் தரை தொட்டது. தொட்டிக்குள் எரிபொருள் தளும்பியதால் எச்சரிக்கை விளக்கு சீக்கிரமே எரிந்துவிட்டது என்றும், உண்மையில் சுமார் 45 விநாடிக்கு மிச்சம் இருந்தது என்றும் பிற்பாடு கணக்கிட்டார்கள்.

ஆம்ஸ்ட்ராங்குக்கு ஒத்திகை ஆட்டமும் இருந்தது, கால்குலேட்டரில் அல்ல. ஜெட் இயந்திரத்தால் எடையில் ஆறில் ஐந்து பங்கைத் தாங்கி, மீதி ஒரு பங்கை மட்டும் ஓட்டுநரிடம் விடும் விசித்திரமான பறக்கும் சட்டகம் ஒன்றை நாசா வைத்திருந்தது. 1968 மே 6 அன்று அது கட்டுப்பாடு இழந்து சாய்ந்தபோது ஆம்ஸ்ட்ராங் இருக்கையோடு வெளியே பாய்ந்து பாராசூட்டில் இறங்கினார். சட்டகம் தரையில் மோதி எரிந்தது. பாராசூட்டில் தப்புவது பூமியில்தான் முடியும். காற்றே இல்லாத நிலவில் பாராசூட் வெறும் துணி.

மனிதர் இறங்கும் கலத்தில் தளர்வு வேண்டும். தேடிப் பார்க்க, மனம் மாற, கூடுதல் வாடகை கட்டித்தான் ஆக வேண்டும். மனிதர் இல்லாத ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்குக்கு அந்த வசதியே கிடையாது. திரும்பி வரும்போது அது அநேகமாகக் காலியாக இருப்பதால், ஒரே ஓர் இயந்திரத்தை மிகக் குறைந்த விசையில் வைத்தாலும் விசை எடையை மிஞ்சிவிடும். மிதக்க முயன்றால் மேலே கிளம்பிவிடும். வேகமும் உயரமும் ஒரே கணத்தில் சுழியமாகும்படி எரித்து, அந்தக் கணமே அணைக்க வேண்டும். நம் எட்டு விநாடி ஆட்டத்தை, 2015 டிசம்பரிலிருந்து, அது பூமியில் ஆடிவருகிறது.

இந்தியாவின் விக்ரம் கலத்துக்கோ மறுகோடியில் சிக்கல். 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் விக்ரம் மோதி நொறுங்கியது. வேகம் குறைக்க வைத்த ஐந்து இயந்திரங்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் விசை தந்தன என்று இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் பின்னர் விளக்கினார். கூடுதல் விசை நல்லதுதானே என்று தோன்றும். 5க்குப் பதில் 6 எரிந்துகொண்டே இருந்தால் கணக்கு எங்கே போகும் என்று ஆடியவருக்குத் தெரியும். பிழை சேர்ந்துகொண்டே போனது. திருத்தக் கலம் விரைந்து திரும்ப வேண்டியிருந்தது; மென்பொருள் அந்த வேகத்துக்கு வரம்பு கட்டியிருந்தது. இறங்க வேண்டிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் சதுரம். அடாரியின் ஐந்து மடங்கு மதிப்பெண் தரும் துண்டுத் தரை மாதிரி.

சந்திரயான்-3க்கு அந்த இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். தொட்டியில் எரிபொருளையும் கூட்டினார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை இறங்கிய அந்தக் கலத்தில் மிச்சம் இருந்தது. செப்டம்பர் 3 அன்று அதைக் கொண்டு இயந்திரங்களை மறுபடி மூட்டி, விக்ரமைச் சுமார் 40 சென்டிமீட்டர் உயரம் எழுப்பி, 30 முதல் 40 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு முறை இறக்கினார்கள்.